‘கு’ எழுதிய நாட்கள்

தில்லைநாயகி அக்காவின் இரத்தம் எங்கே போகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. உடம்பில் இருக்கவேண்டிய இரும்புச்சத்தில் பாதிகூட இல்லை. இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தாயிற்று, புண் இல்லை. குடலிலும் கசிவு இல்லை.

அது 1987 மே மாதம். சூரிச்சில் ஒரு மருத்துவமனையில் அவருக்கு மொழிபெயர்க்க நான் போயிருந்தேன். அக்காவுக்கு நாற்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகள், நகரின் ஓர்லிகோன் பகுதியில் சலவை வேலை. மாதத்தில் சில நாட்கள் வலியால் எழும்பவே முடியாது. நோயின் பெயர் எழுதிய கடிதம் வராவிட்டால் வேலை போய்விடும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். மருத்துவர் அம்மாவோ ‘ஊர் ஏக்கம்’ என்று எழுதலாமா என யோசித்துக்கொண்டிருந்தார்.

பிழை என்னிடம் இருந்தது. எப்போது நோகிறது என்று கேட்டதற்கு அக்கா, “சுகமில்லாத நாளிலை, தம்பி” என்றார். சகோதரிகள் இல்லாத வீட்டில் வளர்ந்த நான், எங்கள் பெண்கள் மாதவிலக்கை அப்படிச் சொல்வார்கள் என்று அறியாமல், “நோயாக இருக்கும்போது வலிக்கிறதாம்” என்று ஜெர்மன் மொழியில் சொன்னேன். மருத்துவர் பேனையை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். மாதவிலக்கு ஒழுங்கா என்று அவர் கேட்டபோது, நான் சுவரைப் பார்த்தபடி “மாதம் மாதம் ஒழுங்கோ?” என்றேன். அக்கா தரையைப் பார்த்தபடி “ஓம்” என்றார். அது பொய்யில்லை. எத்தனை நாள் என்றுதான் கேட்கப்படவில்லை.

வேலைக்குப் போகாத நாட்களை எழுதிவரும்படி மருத்துவர் சொல்லி அனுப்பினார். அடுத்த முறை அக்கா, தமிழ்க் கடையில் கொடுத்த கலண்டரையே சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தார். போகாத நாட்களுக்கு வட்டம் போட்டிருந்தது. வட்டங்களுக்கு முன்னும் பின்னும் வரிசையாகக் கு, கு, கு.

“இதென்னக்கா?”

“அது அண்ணை விளக்குக் கொளுத்தின நாள். எந்தநாளும் தான்தான் கொளுத்திறதெண்டு குத்திக்காட்டுவார். அதுதான் சாட்சிக்கு எழுதி வைச்சனான்.”

எனக்கு அண்ணை என்று அவர் சொன்னது தன் கணவர் குணசேகரத்தை; ‘கு’ அவர் பெயரின் முதலெழுத்து. தீட்டு நாட்களில் எங்கள் பெண்கள் சாமி விளக்கைத் தொடமாட்டார்கள். எங்கள் வீட்டிலும் மாதத்தில் நான்கு நாள் அப்பாதான் கொளுத்துவார். நான் எண்ணினேன். ஜனவரியில் ஒன்பது. பெப்ரவரியில் பத்து. ஏப்ரலில் பதின்மூன்று. வட்டங்கள் எல்லாம் அந்த வரிசைகளுக்குள்ளேயே விழுந்திருந்தன. அண்ணை சொன்னதிலும் ஓரளவு உண்மை இருந்தது.

‘கு’ எழுதிய நாளெல்லாம் மாதவிலக்கு நாள் என்று, இந்தமுறை சுவரைப் பார்க்காமல் மருத்துவரிடம் சொன்னேன். மருத்துவர் விரல் வைத்துத் தானே ஒருமுறை எண்ணினார். பிறகு அக்காவை உள்ளே அழைத்துப்போய்க் கையால் சோதித்தார். கருப்பை எல்லாப் பக்கமும் ஒரேயளவாக வீங்கி, மெத்தென்று, தொட்டால் நோவதாக இருந்தது. ஸ்கானில் கட்டி எதுவும் தெரியவில்லை.

மருத்துவர் ஒரு தாளில் படம் கீறினார். கருப்பையின் உட்பூச்சு உள்ளே மட்டும் இருக்கவேண்டியது. அக்காவுக்கு அது தசைச் சுவருக்குள்ளும் வேர்விட்டிருக்கிறது. மாதந்தோறும் அங்கேயும் இரத்தம் கசியும், வெளியே வர வழியில்லை. சுவர் வீங்கி வலிக்கும். வீங்கிய சுவரால் இறுகிச் சுருங்க முடியாததால் இரத்தப்போக்கும் நிற்காது. பெயர் அடினோமயோசிஸ். கருப்பையை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்லலாம், ஆனாலும் தனக்குச் சந்தேகம் குறைவு என்று, பெயரை அன்றே கடிதத்தில் எழுதிக் கொடுத்தார். மேலாளர் அதை வாசித்துவிட்டுக் கோப்பில் போட்டுக்கொண்டாராம்; வேலை போகவில்லை.

இரும்பு மாத்திரையும் ஹோர்மோன் மாத்திரையும் மூன்று மாதம். இரத்தம் ஏறியது, வலி விடவில்லை. சத்திரசிகிச்சை செய்தால் இனிப் பிள்ளை பிறக்காது என்பதை மருத்துவர் இரண்டு தடவை சொல்லச் சொன்னார். இரண்டாம் தடவை அக்கா என்னை இடைமறித்தார்.

“எனக்கு விளங்கிட்டுது, தம்பி. இருக்கிற ரெண்டும் காணும். எடுக்கச் சொல்லுங்கோ.”

ஒக்டோபரில் எடுத்தார்கள். நுண்ணோக்கியில் மருத்துவர் சொன்னதே தெரிந்தது. கிறிஸ்மஸுக்கு முன்பே அக்கா சலவைக்குத் திரும்பிவிட்டார். விளக்குக் கொளுத்தும் தன்னுடைய உத்தியோகம் போய்விட்டதென்று அண்ணை முறைப்பட்டார். மருத்துவமனைக் கோப்பில் அந்தக் கலண்டரின் நகல்தான் முதல் பக்கம். அதைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும், எழுதியவர் அக்கா என்றாலும்.

இப்போது எங்கள் பெண்களுக்கு மொழிபெயர்க்கும்போது, சுகமில்லாத நாளைப் பற்றிக் கேட்பதில்லை. போன மாதம் எத்தனை நாள் விளக்குக் கொளுத்தவில்லை என்று கேட்கிறேன். உடனே எண்ணிக்கை சொல்கிறார்கள்.