குடி என்று தேடினால்

கால் மணி நேரமாகக் கிளை நூலகத்தின் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான் அந்த லிஃப்ட் மெக்கானிக். பொறுக்கமாட்டாமல் நூலகர் அம்மா எழுந்துபோய்த் திரையை எட்டிப் பார்த்தார்.

‘குடி வழிவழியா வருமா’ என்று அடித்திருந்தான். கணினியும் தன்னால் ஆனதைச் செய்திருந்தது: குடிநீர்த் திட்டங்கள், குடியுரிமைச் சட்டம், குடிசைத் தொழில்கள், மன்னர்களின் குடிவழி.

“தண்ணியிலேர்ந்து ராஜா வரைக்கும் வந்துட்டாங்க மேடம். குடிகாரன் மட்டும் வரல.”

சிரித்துக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தவருக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. இடது புருவத்தில் தழும்பு. மகளின் போனில் ஐம்பது தடவை பார்த்த புருவம்! மகள் ‘லிஃப்ட்டு’ என்று கொஞ்சுகிறவன், கட்டினால் இவனைத்தான் என்று நிற்கிறவன், வருகிற ஞாயிறு முதல்முறையாக வீட்டுக்குச் சாப்பிட வரப்போகிறவன். போட்டோ என்றாலே கையால் முகத்தை மறைத்துக்கொள்கிறவர் அம்மா. அவனுக்கு இவரை அடையாளம் தெரிய வழியில்லை.

“பெரிய லைப்ரரியில இதைவிட நிறைய இருக்குமே?”

“அங்க வேண்டாம் மேடம். தெரிஞ்சவங்க வேலை பார்க்கிறாங்க.”

அந்தத் தெரிந்தவர் இந்த அம்மாவேதான் என்றும், லீவில் போன ஒருவருக்குப் பதிலாக இந்த வாரம் மட்டும் இந்தக் கிளைக்கு வந்திருப்பார் என்று பாவம், அவன் கண்டானா?

“ஒரு ஃப்ரெண்டுக்காக,” என்று ஆரம்பித்தான். “அவன் தொட்டதே இல்ல. அவங்கப்பா குடிச்சே போயிட்டாரு. ரத்தத்துல வரும்னு போட்டிருந்தா, பொண்ணு வீட்டுல சொல்லவே வேணாம், பேசாம விலகிடலாம்னு பார்க்கிறான்.”

அந்த ஃப்ரெண்ட் யாரென்று அம்மாவுக்குப் புரிந்தது. ஆனால் எதற்காகப் படிக்கிறீர்கள் என்று வாசகரைக் கேட்கக் கூடாது. தெரிந்துகொண்டதை வெளியே சொல்லவும் கூடாது. இருபத்தாறு வருஷமாகக் காத்த விதி. மகளுக்காகக்கூட மீற முடியாது.

“குடின்னு போட்டா ஊரே வரும். மதுன்னு போடுங்க. கூடவே மரபியல்.”

இப்போது உருப்படியாக மூன்று வந்தன. மரபியல் நூல் ஒன்று, அடிமைப் பழக்கங்கள் பற்றிய மருத்துவர் நூல் ஒன்று, ஒரு மருத்துவ இதழ்க் கட்டுரை. எது பழையது, எதை நம்பலாம் என்று பிரித்துக் கொடுத்தார். ஒரு மணி நேரம் கழித்துக் கட்டுரையை நகலெடுக்க வந்தான்.

“கிட்டத்தட்ட பாதி மரபுன்னு போட்டிருக்கு மேடம்,” என்றான் வாடிய முகத்தோடு.

“மீதிப் பாதியையும் படிக்கச் சொல்லுங்க, உங்க ஃப்ரெண்ட.”

ஞாயிறு வந்தது. கதவைத் திறந்த அம்மாவைப் பார்த்ததும், இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி வாசலிலேயே நின்றுவிட்டான்.

“வாங்க தம்பி,” என்றார் அம்மா, அன்றுதான் முதல்முறை பார்ப்பவர்போல.

சாப்பாட்டு மேஜையில் அப்பா சாதாரணமாகத்தான் கேட்டார். “உங்கப்பா என்னவா இருந்தாரு?”

அம்மாவின் கையில் கரண்டி அசையவில்லை. ‘டிரைவர்’ என்றால் முடிந்தது, அதுவும் பொய்யில்லை. சொல்லுடா கண்ணா, நீயே சொல்லு.

“டிரைவரா இருந்தாரு மாமா. குடிச்சாரு. அதுலயே போயிட்டாரு.” பையிலிருந்து நகலை எடுத்து மேஜையில் வைத்தான். “எனக்கும் வருமான்னு தேடிப் படிச்சேன். மத்தவங்களைவிட ஆபத்து அதிகம்தான்னு இருக்கு. தெரிஞ்சுக்கிட்டு நீங்க முடிவு பண்ணுங்க.”

“இதுக்குத்தான் நாலு நாளா என் போனை எடுக்கலையா, லூசு?” என்றாள் மகள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

அப்பா மனைவியைப் பார்த்தார். “நீ என்ன சொல்றே?”

“மூணாம் பக்கத்தைப் படிங்க. குடிக்கிறவங்க பிள்ளைகள்ல முக்கால்வாசிப் பேர் அதுல விழறதில்லைன்னு இருக்கும்.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“கட்டுரையைத்தான் எனக்கு முன்னாடியே தெரியும்,” என்று அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார் அம்மா. “ஆளை இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.”