குருணை கூடிப்போன திடல்

தள்ளுவண்டியின் சின்ன முன்சக்கரம் பக்கவாட்டில் திரும்பிப் புல்லுக்குள் படுத்துக்கொண்டது. மேஸ்திரி மூச்சைப் பிடித்து இன்னொரு தடவை தள்ளினார். வண்டி அடம்பிடிக்கிற மாடு மாதிரி நின்றது. வண்டியில் சாமான் கனம், அதுதான் என்று சொன்னான் மச்சான், அவர் மனைவியின் தம்பி. சாமானையெல்லாம் இறக்கிவிட்டுத் தள்ளிப் பார்த்தார்கள். வெறும் வண்டியும் புதைந்தது.

போன மாதம்வரை அந்தப் பள்ளிக்கூடத்துத் திடல் வெறும் மணல். அதை வாரிவிட்டு, ஜல்லி நிரவி, மெத்தை விரித்து, அதன்மேல் செயற்கைப் புல்லைச் சுருள் சுருளாகப் பிரித்து ஒட்டியாகிவிட்டது. புல் நிமிர்ந்து நிற்க, இடையில் ரப்பர் குருணை தூவ வேண்டும். அங்கேதான் அவர் கையே அவர் காலை வாரிவிட்டது. இத்தனை வருஷமாக அவர் போட்டதெல்லாம் பந்து மைதானம். புல்லின் நுனி மட்டும் தெரிகிற அளவுக்குக் குருணை கொட்டினால்தான் அங்கே ஓடுகிற கால் வழுக்காது. இது சக்கரம் ஓடுகிற இடம், லேசாகத் தூவுங்கள் என்று இன்ஜினியர் தலைபாடாக அடித்துக்கொண்டார். மேஸ்திரியும் தலையாட்டினார். தலைதான் கேட்டது, கை கேட்கவில்லை. மூட்டையைத் தூக்கியதும் அதுபாட்டுக்குக் கொட்டிவிட்டது.

“நல்லாப் போட்டிருக்க மாமா. ரெண்டு பக்கமும் கம்பம் நட்டா பந்தாடலாம்” என்றான் மச்சான்.

வேறொரு நாளாக இருந்தால் அவனுக்குச் சுடச்சுடக் கிடைத்திருக்கும். இன்றைக்கு அதற்கு நேரமில்லை. பள்ளிவிட்டதும் மகள் வருகிறாள்.

மகள் இதே பள்ளியில்தான் படிக்கிறாள், சக்கர நாற்காலியில். மணல் இருந்த காலத்தில் ஒருநாள் தோழி தள்ளிக்கொண்டு போக, முன்சக்கரம் புதைந்து நாற்காலி குப்புறக் கவிழ்ந்தது. வாயெல்லாம் மணல். பிள்ளைகள் சிரித்திருந்தால்கூட அவள் திருப்பி வைதிருப்பாள். அவர்களோ ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றிலிருந்து இடைவேளை என்றால் வராந்தாவோடு சரி. வெயிலில் யார் வேர்த்து நாறுவது என்று வீட்டில் பெருமையாகச் சொல்வாள். நேற்று சாப்பிடும்போது, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “புதையாதாப்பா?” என்று கேட்டாள். புதையாது என்று சொல்லிவிட்டார். எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டாள்.

வேறு வழியில்லை. இன்ஜினியருக்கு அவரே போன் போட்டுச் சொன்னார். முதலில் வசவு விழுந்தது. வசவு முடிந்ததும் வழியும் வந்தது. புல் சாய்ந்திருக்கிற திசைக்கு எதிராக முரட்டுத் துடைப்பத்தால் இழுக்க வேண்டும். மேலே வருகிற குருணையைச் சருகு உறிஞ்சும் மெஷினால் இழுத்துக்கொள்ள வேண்டும். மேஸ்திரி இழுத்தார், மச்சான் உறிஞ்சினான். காலையில் கொட்டியதை மத்தியானம் பிடுங்குகிற பிழைப்பு என்று அவன் முணுமுணுத்தான். முணுமுணுத்தானே தவிர சோற்றுக்கு எழுந்திருக்கவில்லை. மணி அடித்தபோது ஒரு மூலை பாக்கி. மேஸ்திரியின் இடுப்பு இருந்த இடம் தெரியவில்லை.

பிள்ளைகளின் இரைச்சல் வெளியே வடிந்தபிறகு மகள் வந்தாள். சிமெண்ட் பாதை முடிகிற இடத்தில் நாற்காலியை நிறுத்திவிட்டு, சுவரோரம் நின்ற மூட்டைகளைப் பார்த்தாள்.

“என்னப்பா இவ்வளவு மிச்சம்?”

“கூடப் போட்டுட்டேம்மா. புதைஞ்சுது. வாரிட்டோம்.”

“எல்லாத்தையுமா?”

“அந்த மூலை பாக்கி. அந்தப் பக்கம் மட்டும் போகாத.”

அவள் அவரையே பார்த்தாள். ஆமாம் என்று பொய் சொல்லியிருக்கலாமோ என்று அவருக்கு ஒரு நொடி தோன்றியது.

“ரெண்டு பேரும் சுவத்துப் பக்கம் திரும்பி நில்லுங்க” என்றாள்.

“ஏய், மாமாவுமா?” என்றான் மச்சான்.

“நீதான் மாமா முதல்ல.”

வகுப்பில் தண்டனை வாங்கியவர்கள் மாதிரி இரண்டு பேரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். மேஸ்திரி காதைத் தீட்டிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. மணலாக இருந்தால் நறநறக்கும். சிமெண்டாக இருந்தால் கடகடக்கும். இந்தப் புல்லில் சக்கரம் ஓடினாலும் சத்தம் வராது, நின்றாலும் வராது. விழுந்தாலும் வராதோ என்று நினைத்ததும் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது.

“திரும்பாதீங்க!”

குரல் இடப்பக்கம் தூரத்திலிருந்து வந்தது. அவரிடமிருந்து நெஞ்சு காலியாகிற அளவுக்கு ஒரு மூச்சு வெளியேறியது. மச்சான் முழங்கையால் இடித்தான். அவன் கன்னம் ஈரமாக இருந்தது; குருணைத் தூசி என்று அவர் கேட்காமலேயே சொன்னான்.

கொஞ்ச நேரத்தில் குரல் வலப்பக்கம் கேட்டது. “இன்னும் இல்ல. இன்னொரு ரவுண்டு.”

சாயங்கால வெயில் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. சுண்ணாம்புச் சுவரில் இரண்டு நெட்டை நிழல்கள் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றன. அவற்றின் மேலேறி, ஆரக்கால்கள் சுழல, பின்னல் பறக்க, மூன்றாவதாக ஒரு நிழல் சுவர் நெடுக ஓடியது.