முடி முளைக்காத இரண்டு

பிளாஸ்டிக் பையின் அடியில் அவை இரண்டும் நெளிந்தன. சக்கரபாணி பையை உடம்பில் படாமல் ஒரு முழம் தள்ளிப் பிடித்து நடந்தார்.

மகள் ஆசையாக வளர்க்கும் எலி ஈன்ற ஒன்பது குட்டிகளும் பிறந்த அன்று ஒன்றுபோல வெறும் சதையாகத்தான் கிடந்தன. பத்து நாளில் ஏழுக்கு வெல்வெட் போல ரோமம் வந்துவிட்டது. இந்த இரண்டுக்கும் வரவில்லை. கண் திறந்த பிறகும் அதே கோலம்தான். தண்ணீரில் வெகுநேரம் ஊறிய விரல்நுனி போலச் சுருங்கிய தோல், அதன் கீழே நீல நரம்புகள். மதியம் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர், கூண்டு கண்ணில் பட்டதும் தட்டைத் தள்ளிவிட்டார். சொறி நோய்தான், வீட்டுக்கே தொற்றும் என்று முடிவு கட்டினார். மகள் இசைப்பிரியா பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் குவார்ட்டர்ஸ் பிளாக்கின் கடைசியில் உள்ள முந்திரிப் புதரில் போட்டுவிட வேண்டும்.

பக்கத்து குவார்ட்டர்ஸ் கலியமூர்த்தி வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஜோடி சேர்க்கக் கொடுத்த ஆண் எலி அவர் வீட்டுடையது.

"பாருங்க கலியமூர்த்தி, உங்க எலி கொடுத்த சீதனத்தை."

கலியமூர்த்தி எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "கர்மம். எங்க எலி உடம்பெல்லாம் முடி வெச்சிகினு ராஜா மாதிரி இருக்குது சார். உங்க பொண்ணு பக்கம்தான் ஏதோ கோளாறு."

"எங்க பக்கம் ஒரு குறையும் கிடையாது."

"சம்பந்தி சண்டையா?" என்று கேட்டபடி சைக்கிளிலிருந்து இறங்கினாள் இசைப்பிரியா. பையைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. "எங்கேப்பா கொண்டு போறீங்க?"

"சொறி நோய். வீட்டுக்கே தொத்தும்," என்றார் அவர்.

"நோயில்லப்பா. பயாலஜி மிஸ்கிட்ட போட்டோ காட்டிக் கேட்டேன். பிறவியிலயே இப்படி. அம்மாகிட்டருந்து ஒரு ஜீன், அப்பாகிட்டருந்து ஒரு ஜீன், ரெண்டும் சேர்ந்து வந்தாத்தான் முடி இருக்காதாம். ஒண்ணு மட்டும் இருந்தா வெளியே தெரியாது. ரெண்டு பக்கமும் மறைஞ்சு இருந்திருக்கு. யாருக்கும் தொத்தாது. குளிருதான் தாங்காது."

இரண்டு ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கலியமூர்த்தி குழாயை மூடிவிட்டு உள்ளே போனார். பழைய குரங்குக் குல்லா ஒன்றோடு திரும்பினார்.

"நைட் ஷிப்டுக்குப் போட்டுகினு போனது. அதுங்களுக்கு ஆவட்டும்."

இசைப்பிரியா பைக்குள் கைவிடப் போனாள். "நீ இரு," என்றார் சக்கரபாணி. "போட்டவன் நான்."

பைக்குள் கையை விட்டார். கன்னத்தின் உட்புறத்தைத் தொட்டது போல வழவழப்பும் சூடும். உதறிவிடத் துடித்த உள்ளங்கைக்குள் ஒரு குட்டி இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. படைத்தவன் கை இதைத் தொடக் கூசியிருக்காது என்று தோன்றியது. அவர் கை கூசியது. கூசியபடியே இரண்டையும் எடுத்துக் குல்லாவுக்குள் வைத்து, குல்லாவோடு வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாயின் கூண்டில் விட்டார்.

சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவினார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் விடியலில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பியவர், வாசல் வரை போய்த் திரும்பினார். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, ஒரு விரலை மட்டும் குல்லாவுக்குள் விட்டார்.

சூடு இருந்தது.

மறுபடி கை கழுவிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.