பொய் நாயகன்

அப்பா பாத்திரத்துக்கு நேராகக் கெதின் எழுதியிருந்த இரண்டே சொற்களை நெரிஸ் நான்காவது முறையாகப் படித்தாள். பொய் நாயகன்.

மீடியா வகுப்புக்காக இருவரும் சேர்ந்து எடுத்த ஐந்து நிமிடப் படம். கதை அவளுடையது, கேமரா அவனுடையது. வேலை போனதை வீட்டில் மறைத்து, தினமும் சீருடை மாட்டிக்கொண்டு போய்ப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு அப்பாவின் கதை. வேல்ஸ் பள்ளத்தாக்கில் இப்படிப்பட்ட அப்பாக்களுக்கா பஞ்சம்? படம் முடிந்ததும் மிஸ் ப்ரோபர்ட் ஒரு அட்டவணையை நீட்டிவிட்டார். எந்தக் காலத்திலோ ஒரு ரஷ்யாக்காரர் நாடோடிக் கதைகளை அலசி, கதைமாந்தர் மொத்தமே ஏழு வகைதான் என்றாராம். நாயகன், பொய் நாயகன், வில்லன், உதவுபவன் என்று ஆளாளுக்கு ஒரு முத்திரை குத்த வேண்டும். ராஜகுமாரிக்கும் சூனியக்காரிக்கும் தைத்த சட்டை, வேலை தேடி வரிசையில் நிற்கிறவனுக்கு எப்படிச் சேருமோ, தேர்வு வாரியத்துக்கே வெளிச்சம்.

நெரிஸுக்கு அந்தக் கவலை இல்லை. கெதினுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் கவலை. அவள் அப்பாவுக்கு முதுகு போய்விட்டதென்று அரசாங்கம் உதவித்தொகை தருகிறது. அவரோ யாருக்கும் தெரியாமல் பக்கத்து ஊரில் கூரை வேலைக்குப் போய் வருகிறார். வெளியே தெரிந்தால் தொகை நிற்கும், வழக்கும் வரும். அதனால்தான் படத்தில் எல்லாவற்றையும் தலைகீழாக்கினாள். யாருக்கும் பிடிபடாது என்று நினைத்தாள், அசடு.

இப்போது ஒவ்வொன்றாக உறைத்தது. 'உங்கப்பா எப்ப வீட்டுல இருப்பாரு?' என்று போன வாரம் கேட்டானே, எதற்கு? இன்று அவள் உள்ளே வந்ததும் மடிக்கணினியைப் பட்டென்று மூடிவிட்டு, சிப்ஸ் வாங்கி வருகிறேன் என்று ஓடினானே? படுபாவி, வேவு பார்த்திருக்கிறான்.

கெதின் சிப்ஸ் பொட்டலத்தோடு எடிட்டிங் அறைக்குத் திரும்பி வந்தான். அவள் தாளை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது என்னடா? யாரை மனசுல வச்சு எழுதின?"

"நம்ம படத்து அப்பாவைத்தான். ஆளு ஒண்ணு, வேஷம் ஒண்ணு. மிஸ் அதைத்தானே பொய் நாயகன்னாங்க?"

"சும்மா நடிக்காதே. எங்கப்பா முதுகு நல்லாத்தான் இருக்குன்னு உனக்கு யாரு சொன்னா?"

பொட்டலத்துக்குள் விட்ட கை அப்படியே நின்றது.

"முதுகா?" என்றான்.

அந்த முழியைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. அவனுக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. ஐயோ, போட்டுக் கொடுத்தது தன் வாயேதான்.

"நல்லா இருக்கா அவருக்கு?" கெதின் மெதுவாகக் கேட்டான். "ரெண்டு குளிர்காலமா உங்க வீட்டுக் கரி மூட்டையை அத்தனை படியும் நான்தானே நெரிஸ் தூக்கிட்டு வரேன்? அவரு வாசல்ல நின்னுக்கிட்டு, 'பாத்துப்பா, வழுக்கும்'பாரு. அடுத்த மூட்டை எப்ப கொண்டாரதுன்னுதான் போன வாரம் உன்கிட்ட கேட்டேன்."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே," என்றாள்.

கெதின் சிப்ஸ் பொட்டலத்தை மடித்து மேசைமேல் வைத்தான்.

"சொல்ல மாட்டேன்."

இதுவரை அவளிடம் ஒரு பொய்கூடச் சொன்னவன் இல்லை. ஆனாலும் அவளால் நம்ப முடியவில்லை.