ஊசியா, காந்தமா

கல்யாணக் கோட்டுகளுக்குப் பூச் செய்து கொடுப்பது என் பிழைப்பு. ஒரு ரோஜா மொட்டு, காம்பை வெட்டிவிட்டு அந்த இடத்தில் மெல்லிய கம்பி, கம்பியைச் சுற்றிப் பச்சை நாடா, துணைக்கு ஓர் இலை. பார்க்கிறவர்களுக்கு அற்ப விஷயம். காலையில் வைத்த பூ சாப்பாட்டு நேரத்தில் தலையைத் தொங்கப்போட்டால் மட்டும் எல்லோருக்கும் என் ஞாபகம் வரும்.

முன்பெல்லாம் ஊசிதான். ஊசி நல்ல துணியில் ஓட்டை போடும், குத்தத் தெரியாதவர் குத்தினால் ரத்தம் பார்க்கும். அதனால் காந்தத்துக்கு மாறினேன். பூவின் முதுகில் ஒரு குட்டிக் காந்தம், துணியின் உள்பக்கம் அதன் ஜோடி. டக்கென்று பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு வில்லங்கம், இதயத் துடிப்பைச் சீராக்கப் பேஸ்மேக்கர் வைத்தவர் நெஞ்சருகே அது போகக் கூடாது. கருவி குழம்பிவிடும். ஆர்டர் எடுக்கும்போதே, "பூ வெச்சுக்கப் போறவங்க யாருக்காவது நெஞ்சுல கருவி ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டுவிடுவேன். கல்யாணப் பையன்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

என் தங்கை கல்யாணத்துக்கு நான் யாரையும் கேட்கவில்லை. சொந்த வீட்டில் என்ன கேள்வி?

மண்டபத்தை ஒட்டிய அறையில் தங்கை கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். தோளில் நான் காந்தத்தால் நிறுத்தியிருந்த வெள்ளைப் பூங்கொத்து. மறுநாளே மாப்பிள்ளையோடு வேறு நாட்டுக்குப் போகிறாள், இருவருக்கும் அங்கே வேலை. அம்மா போன பிறகு இத்தனை வருஷமும் அப்பாவோடு இருந்தது அவள்தான். நான் கடைக்கு மேலேயே குடியிருக்கிறேன். எப்போதாவது வீட்டுப் பக்கம் போய் இரண்டு அதட்டல் போட்டுவிட்டு வருவேன், அதோடு என் கடமை முடிந்தது.

மற்ற எல்லோருக்கும் பூ வைத்துவிட்டு அப்பாவிடம் வந்தேன்.

"எனக்கு ஊசியே குத்திடும்மா," என்றார்.

"புதுக் கோட்டுல ஓட்டை விழும்பா."

"விழட்டும்."

"தச்சவரு பார்த்தா அழுவாரு. சும்மா நில்லுங்க, ஒரு நொடி வேலை."

காந்தத்தோடு கையை நீட்டினேன். அப்பா ஓரடி பின்வாங்கினார். அவருடைய வலது கை தானாக எழும்பி இடது தோளுக்குக் கீழே பொத்திக்கொண்டது.

அந்தக் கையை எனக்குத் தெரியும். கடையில் நான் காந்தத்தை எடுத்ததும் பேஸ்மேக்கர் வைத்த பெரியவர்கள் இப்படித்தான் பொத்திக்கொள்வார்கள். கொஞ்ச நாள் முன்பு நண்பர்களோடு சுற்றுலா போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் இளைத்துப்போய்த் திரும்பினார். கேட்டதற்கு, "சாப்பாடு சரியில்ல" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அப்பா கண்ணாடிப் பக்கம் கண்ணைக் காட்டி, வேண்டாம் என்று தலையசைத்தார். தங்கைக்குத் தெரிந்தால் விமானம் ஏற மாட்டாள். அதற்காகத்தான் இந்த நாடகம். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் காந்தத்தைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டு, வழக்கத்துக்கு மாறாக வலது பக்கத்தில் ஊசியால் பூவைக் குத்தினேன்.

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா உள்ளே வந்தார். எங்கள் வீட்டில் அவருக்குக் 'கரும்பு மெஷின்' என்று பெயர். யாரைக் கண்டாலும் கட்டிப்பிடித்துச் சாறு எடுக்காமல் விட மாட்டார். "அண்ணே" என்று இரண்டு கையையும் விரித்தார். அவர் நெஞ்சில் என் காந்தம்.

குறுக்கே போய் நின்றேன். "சித்தப்பா, உங்க பூ கோணலா இருக்கு."

"இப்பதானே நீயே வெச்சே?"

"நான்தான் கோணலா வெச்சேன். காட்டுங்க."

அப்புறம்தான் உறைத்தது. இன்று அப்பாவைக் கட்டிப்பிடிக்கப் போகிற ஒவ்வொரு நெஞ்சிலும் என் கைவேலை இருக்கிறது. ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடினேன். "இந்தக் கோட்டு என்ன விலை தெரியுமாம்மா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "காந்தம் மட்ட ரகம் சார், பூ விழுந்துடும்," என்று என் சரக்கை நானே திட்டினேன். மாப்பிள்ளைக்கு ஊசி கொஞ்சம் ஆழமாகவே இறங்கிவிட்டது. "அக்கா, என் மேல ஏதாவது கோபமா?" என்றார் பாவம். கழற்றிய காந்தங்கள் பைக்குள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்து ஒரே கட்டியாகிவிட்டன.

மிச்சம் தங்கையின் தோள்பூ மட்டும். அந்தத் துணியில் ஊசி பட்டால் இழை ஓடிவிடும், கிட்டவே கொண்டுவராதே என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். என்ன பொய் சொல்லலாம் என்று நான் யோசிப்பதற்குள் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்தெல்லாம் முடிந்து அவள் அப்பாவை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஓடினேன். யாரோ வழிமறித்துச் சாப்பாடு எந்தப் பக்கம் என்று கேட்டார்.

தங்கை அப்பாவுக்கு எதிரே நின்றாள். தோள்பூவைக் கழற்றினாள், உள்ளிருந்த காந்தத்தையும் உருவினாள், இரண்டையும் எட்டத்தில் இருந்த மேஜையில் வைத்தாள். பிறகு அப்பாவின் வலது பக்கமாகச் சாய்ந்து அவரைக் கட்டிக்கொண்டாள். இடது பக்கம் துளியும் படவில்லை.

பூவை எடுக்க அவள் மேஜைக்கு வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"உனக்குத் தெரியுமா?"

"ஒரே வீட்டுல இருக்கேன்க்கா. இடது கையத் தூக்கி ஒரு டம்ளர் எடுக்க மாட்டேங்கிறாரு, தெரியாம இருக்குமா? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்காரு. இருக்கட்டும்."

"என்கிட்ட சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"கடைக்கு வர்றவங்க எல்லாரையும் ஒரு கேள்வி கேப்பியே, அத அவர்கிட்டயும் ஒரு நாள் கேப்பேன்னு காத்துக்கிட்டிருந்தேன். நீ கேக்கவே இல்ல." பூவின் இதழ் ஒன்றை நேராக்கினாள். "டிக்கெட்ட ரத்து பண்ணிடலாமான்னு காலையில வரைக்கும் யோசனைதான். அப்புறம் நீ ஊசிப் பெட்டியோட ஓடினதப் பார்த்தேன். இனிமே நான் போகலாம்."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய்யில்லை, அதுதான் வலித்தது.

தூரத்திலிருந்து அப்பா என்னைப் படமெடுக்கக் கூப்பிட்டார். இரண்டடி வைத்த பிறகே தோளில் பை கனத்தது. தங்கையின் தோள்பூ ஒன்று தவிர மண்டபத்துக் காந்தமெல்லாம் என்னிடம்தான் இருந்தது. இன்று அவர் பக்கத்தில் போகக் கூடாதவள் நான் ஒருத்திதான். பையைத் தங்கையிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டுபோய் மறுகோடி நாற்காலியில் வைத்தாள்.

அப்பா பக்கத்தில் போய் நின்று, கடையில் கேட்கிற அதே குரலில் கேட்டேன். "சார், நெஞ்சுல கருவி ஏதாவது இருக்குங்களா?"

அப்பா தங்கை நின்ற பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார். "இருக்கும்மா," என்றார்.

"நாளைக்கு அவ கிளம்பும்போது அவகிட்ட இருக்கிற வீட்டுச் சாவிய வாங்கி என்கிட்ட குடுங்க."

சரி என்று தலையாட்டினார். படமெடுப்பவர் இன்னும் நெருங்கி நிற்கச் சொன்னார். நெருங்கி நின்றேன்.