குழாயைத் தொட்டுவிட்டு

குளிர்காலம் வந்துவிட்டால் லிஃப்ட் மெக்கானிக் நடமாடும் மின்நிலையம் ஆகிவிடுவார். ஸ்வெட்டரைக் கழற்றினால் படபடவென்று பொறி பறக்கும். அந்த வெளிச்சத்தில் எதிர்வீட்டுக்காரர் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்து முடித்ததாகக் கேள்வி. அவர் செருப்புச் சத்தம் கேட்டால் பூனைகள் மூன்று தெரு தள்ளிப்போய்க் குடியேறிவிடும். வேலையில் இருந்த காலமெல்லாம் கட்டடங்களின் உச்சியில் ராட்சத மோட்டார்களோடு மல்லுக்கட்டியவர். அங்கே ஒரு கம்பிகூட அவரைச் சீண்டியதில்லை. வீட்டுக் கம்பளத்தில் நாலு எட்டு வைத்தாலோ உடம்பில் கரண்ட் ஏறி, தொட்டதெல்லாம் துள்ளும். தெருவே அவருக்கு ‘மின்னல்’ என்று பேர் வைத்திருந்தது.

கல்யாணமான முதல் குளிரிலேயே அவர் தன் கைவரிசையைக் காட்டிவிட்டார். மனைவி வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுக்கும் வேலை செய்துகொண்டிருந்த நேரம். அவளுடைய கம்ப்யூட்டருக்கு மெமரி கூட்டுகிறேன் பேர்வழி என்று, கம்பளிக் காலுறையோடு கம்பளத்தில் நடந்துபோய்ப் பெட்டியைத் திறந்து உள்ளே கையை விட்டார். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம், கொசு தும்மினாற்போல. அவ்வளவுதான், கம்ப்யூட்டர் போய்ச் சேர்ந்துவிட்டது.

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், இரும்புக் குழாயின்மேல் அவர் கையை வைத்து அழுத்தினாள்.

“உங்க உடம்புல இருக்கிற கரண்டெல்லாம் இதுவழியா மண்ணுக்குப் போகட்டும். இனிமே இந்த வீட்ல எதத் தொடுறதா இருந்தாலும் முதல்ல இதத் தொடணும்.”

“எதையுமா?”

“எதையும்.”

“உன்னையுமா?”

“என்னையத்தாங்க முக்கியமா!”

அன்றிலிருந்து அதுதான் வீட்டுச் சட்டம். டிவியை ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். ஹீட்டர் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர், காற்று காய்ந்துபோகாமல் இருக்க. விருந்தாளிகள்கூடச் சினிமா டிக்கெட்டுக்கு நிற்பதுபோல் குழாயடியில் வரிசையாக நின்று, தொட்டுவிட்டுத்தான் ரிமோட்டை எடுப்பார்கள். மெக்கானிக் வேலை முடிந்து வந்தால் முதலில் குழாய், அப்புறம் பெண்டாட்டி. அவர் தொட்டுத் தொட்டுக் குழாய் தேய்ந்து ஊசியாகிவிட்டது என்பாள் அவள். அதில் கொஞ்சம் மிகை உண்டு. பாதிதான் தேய்ந்திருந்தது.

இப்போது அவள் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறாள். ஞாபகம் அவளை விட்டு ஒவ்வொன்றாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. முதலில் பேத்திகளின் பேர் போயிற்று, பிறகு மகளின் முகம், பிறகு வீடு. கடைசியில் ஒருநாள் மெக்கானிக்கைப் பார்த்து, “வாங்க சார், யாரைப் பாக்கணும்?” என்றாள்.

மகள்தான் ஒரு டிஜிட்டல் போட்டோ ஃப்ரேம் அனுப்பியிருந்தாள். “பழைய போட்டோவெல்லாம் மாறி மாறி வரும்ப்பா. சில பேருக்கு அதப் பாத்தா ஞாபகம் வருமாம். எதுக்கும் காட்டிப் பாரேன்.”

எதுக்கும் காட்டிப் பார் என்றாள் மகள். மெக்கானிக்கோ அதிலேயே உயிரை வைத்துவிட்டார். ஒரே ஒரு தடவை, ‘ஏங்க’ என்று அவள் வாயால் கூப்பிட்டுவிட்டால் போதும்.

பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு, சமையலறைத் தரையில் வெறுங்காலோடு நின்று, ஒரு கையைக் குழாயில் வைத்தபடியே மெமரி கார்டைச் செருகினார். கார்டின் ஓரத்தை மட்டும், பிறந்த குழந்தையின் விரலைப் பிடிப்பதுபோல் பிடித்தார். கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் கெஞ்சி, பொறி தாக்காத சாம்பல்நிறப் பை ஒன்றை வாங்கி அதற்குள் ஃப்ரேமைப் போட்டார். வெளியே குளிர், மேலே ஸ்வெட்டர் தவிர்க்க முடியவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார வந்த கம்பளிக் கோட்டுக்காரரை அவர் முறைத்த முறைப்பில், அந்த மனுஷர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி ஓடிவிட்டார்.

“வாங்க மின்னல் சார்,” என்றாள் நர்ஸ். “அம்மா இன்னைக்கு நல்லா பேசுறாங்க. என்னை மட்டும் தொட்டுறாதீங்க!”

அறையின் கைகழுவும் தொட்டிக் குழாயைத் தொட்டுவிட்டு ஃப்ரேமை எடுத்து மேசையில் வைத்தார். படம் வந்தது. அவருக்கு நிலைகொள்ளவில்லை. வெளிச்சம் விழுகிறது என்று ஜன்னல் திரையை இழுத்தார், நாற்காலியை நகர்த்தினார், கம்பளத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

கல்யாணப் படம் வந்தது.

“பொண்ணு லட்சணமா இருக்கா,” என்றாள் அவள்.

“மாப்பிள்ளை?”

“ம்... ஏதோ இருக்கான். பாவம், முழிக்கிற முழியப் பாருங்க!”

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கையில் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க, அவள் தோளிலிருந்து நழுவிய சால்வையைச் சரிசெய்யப் போனார். குழாய் மறந்துபோயிற்று. விரல் அவள் கழுத்தில் பட்டது.

‘பட்!’

“ஸ்ஸ்! குழாயத் தொட்டுட்டு வரச் சொன்னேனா இல்லையா?”

அதே குரல். அதே அதட்டல். நின்றுபோன லிஃப்ட் ஒரே தூக்கில் உச்சி மாடிக்குப் போனாற்போல் இருந்தது அவருக்கு. “சொன்னம்மா, சொன்ன! நான்தான்...”

அவள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் வெட்கம் வந்தது.

“மன்னிச்சுக்குங்க சார், எங்க வீட்டுக்காரர்னு நினைச்சுட்டேன். அவருதான் இப்படி ஷாக் அடிப்பாரு. எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாது. நல்ல மனுஷன்தான்.” வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். “ரொம்ப நாளா ஆளையே காணோம். எங்கயாவது லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாரோ என்னவோ. நீங்க பாத்தா வரச் சொல்லுங்க. குழாயத் தொட்டுட்டு வரச் சொல்லுங்க.”

“சொல்றேன்,” என்றார் மெக்கானிக்.

எழுந்து தொட்டிக்குப் போனார். குழாயைத் தொட்டார். உடம்பில் இருந்ததெல்லாம் இறங்கிப் போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். முகம் கழுவுகிற சாக்கில் தண்ணீரைத் திறந்துவிட்டார். பிறகு வந்து, அவள் பக்கம் கையை நீட்டினார்.

“தொட்டுட்டேன்மா.”

“ஐயோ, நீங்க எதுக்கு சார் தொட்டீங்க?” என்று சிரித்தாள் அவள். “நான் அவரையில்ல சொன்னேன்.”

மேசைமேல் ஃப்ரேம் சேதாரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை மறுபடியும் வந்து முழித்துவிட்டுப் போனான்.