ஜன்னல் பக்கமாக ஒரு தள்ளு

சிறைக்குள்ளே விடச் சொல்லி ஒரு மணி நேரம் கதவைத் தட்டி, கெஞ்சி, கூத்தாடி, "போய்யா, உனக்கெல்லாம் உள்ள இடமில்ல" என்று விரட்டப்பட்ட ஒரே மனிதப் பிறவி இந்த உலகத்தில் கரண்டு மாமாதான். இதை அவரே சொல்வார். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை.

மின்சார வேலை பார்த்தே வயதாகி ஓய்வு பெற்றவர் என்பதால் அந்தப் பட்டப்பெயர். சொந்தப் பெயர் கையெழுத்துப் போடும்போதுதான் அவருக்கே ஞாபகம் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டுக் கூடத்தில் ஸ்டூல்மேல் ஏறி நின்று மின்விசிறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தது அக்கா மகளைக் கட்டிய மாப்பிள்ளை. கல்யாணமாகி மூன்றே மாதம். கதை கேட்டுக் காது புளிக்காத ஆள் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

"நிஜமாவா மாமா? ஜெயிலுக்குள்ள விடலையா?"

"ஆரம்பிச்சுட்டான்," என்றாள் அக்கா, காய் நறுக்கிக்கொண்டே. "மாப்பிள்ள, அவன் பேச்சுல பாதியக் கழிச்சிடுங்க. மிச்சம் பாதியையும் கழிச்சிடுங்க."

அக்கா நம்பாததற்கு நியாயம் உண்டு. வாலிப வயதில் போதை மாத்திரையில் தொடங்கிப் பொடியில் போய் நின்ற காலத்தில், "விட்டுட்டேன்க்கா, உன் தலைமேல சத்தியம்" என்று பதினேழு தடவை சத்தியம் செய்தவர் கரண்டு. பதினேழும் பொய். பதினெட்டாவதற்குள் போலீஸ் முந்திக்கொண்டது. சுவிட்சுப் பெட்டிக்குள் பொட்டலங்களை வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்ததற்கு நான்கு வருடம். அன்றோடு அவர் சொல் எதுவும் அக்கா காதில் ஏறுவதில்லை. 'மழை பெய்யுது' என்றால்கூட ஜன்னலுக்கு வெளியே கை நீட்டிப் பார்ப்பாள்.

ஊர் நம்பாவிட்டால் கரண்டுக்கு ஒன்றும் குடி முழுகிப் போகாது. மற்ற கதைகளுக்கு உப்பும் காரமும் தாராளமாகப் போடுகிறவர்தானே? ஆனால் இந்த ஒன்றை மட்டும், தான் கண் மூடுவதற்குள் அக்கா நம்பிவிட வேண்டும். முப்பது வருடமாக அதற்காகத்தான் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"உள்ள ஒரு பிரார்த்தனை அறை இருந்துச்சு மாப்ள. பழைய சாமான் போட்டு வெச்ச இடம். எல்லா மதத்துக்காரனும் அங்கதான். எனக்குச் சாமியும் கிடையாது, பூதமும் கிடையாது. போனது காத்துக்கு! மொத்த ஜெயிலுக்கும் ஓடுற ஃபேன் அது ஒண்ணுதான். வெயில்னா வெயிலு, சுவத்துல முட்டைய உடைச்சு ஊத்தினா பொரிஞ்சு விழும்!"

"முட்டை ஏதுடா ஜெயில்ல?" என்றாள் அக்கா.

அந்த மின்விசிறியை நினைத்தாலே அவருக்கு முகம் கனிந்துவிடும். சாம்பல் நிறம், ஒரு இறக்கையில் பள்ளம், சுற்றும்போது டக் டக்கென்று ஒரு தாளம். கண்டென்சர் போய்விட்டது. சுவிட்சைப் போட்டால் உறுமும், சுற்றாது. துடைப்பக் கட்டையால் யாராவது ஒரு தள்ளு தள்ள வேண்டும். அந்த வேலை கரண்டுக்கு வந்தது. மாற்றுச் சாமான் கேட்டு மேலே மனுப் போட்டார்கள். அவர் விடுதலை மனுவும் அதே வாரம்தான் போனது. அவருடையது முதலில் வந்துவிட்டது!

"அந்த நோவு புடிச்ச ஃபேன்ல ஒரு விசேஷம் மாப்ள. எந்தப் பக்கம் தள்ளுறமோ அந்தப் பக்கமே சுத்தும். ஜன்னல் பக்கமாத் தள்ளினா கீழ காத்து வரும். கதவுப் பக்கமாத் தள்ளினா, அதே வேகம், அதே சத்தம், ஆனா காத்து மொத்தமும் மேல போயிடும். தினமும் அதத் தள்ளித் தள்ளி, ஒருநாள் கட்டையும் கையுமா அப்படியே நின்னுட்டேன். அடேய், இது நம்ம கதைடான்னு."

விடுதலையான காலை. பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்து பத்தடி நடந்திருப்பார். சுரீரென்றது. எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று யாரிடமும் சொல்லவில்லையே! திரும்பி ஓடினார். தட்டினார். வாசல் காவலர், மீசையே பாதி ஆளாக இருப்பவர், சின்னக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"'உள்ள விடுங்கய்யா, ரெண்டு நிமிஷம்'ங்கறேன். 'சட்டத்துல இடமில்ல. போய் ஒரு குத்தம் பண்ணிட்டு வா, ராஜா மாதிரி கூட்டிட்டுப் போறேன்'ங்கறாரு! நான் விடுவனா? ஓட்டை வழியா வாய வெச்சு, 'ஜன்னல் பக்கமாத் தள்ளுங்கடா'ன்னு போட்டேன் ஒரு சத்தம். உள்ளேருந்து ஆயிரம் பேரு, 'சரிடா'ன்னான்!"

மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் ஸ்டூல் ஆடியது. வழக்கமாகக் கதை இங்கே முடியும், அக்கா "புளுகு" என்பாள், காபி வரும். ஆனால் மாப்பிள்ளை புது ஆள்.

"அப்புறம் மாமா?"

அப்புறத்தை யாரும் கேட்டதில்லை. கரண்டு எண்ணெய்க் குப்பியை மூடினார்.

"அப்புறம்... ரோட்டுலயே நின்னுட்டேன். இந்தப் பக்கம் போனா பழைய கூட்டாளிங்க. அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப். கால் நகரல மாப்ள, உறுமிக்கிட்டு நிக்குது. உச்சி வெயிலு. கண்ண மூடினேன். 'சாமி, நீ யாரோ தெரியாது. என்னையும் ஜன்னல் பக்கமாத் தள்ளி விட்ரு'ன்னேன். ஃபேன் இல்லாத எடத்துல நான் கும்பிட்டது அதான் மொதத் தடவ. அவ்வளவுதான். பஸ் ஸ்டாப்புக்கு நடந்துட்டேன்."

காய் நறுக்கும் சத்தம் நின்றிருந்தது.

"ஒரு மணி நேரமெல்லாம் தட்டல," என்றாள் அக்கா. "மூணே தட்டு."

கரண்டு ஸ்டூல்மேலிருந்தே அக்கா பக்கம் திரும்பினார்.

"எதிர்ல சைக்கிள் கடை நிழல்ல நின்னேன். உனக்குப் புதுச் சட்டை கொண்டாந்திருந்தேன். வெளிய வந்தவன் திரும்ப ஓடுற. உள்ள எவன்கிட்டயோ சரக்கு கேட்டுத்தான் கத்துறியோன்னு நெனச்சேன். அப்புறம் நடு ரோட்டுல கண்ண மூடிட்டு ஆடிக்கிட்டே நின்ன. வாசல்லயே பொடியப் போட்டுட்டான் பாவின்னு, சட்டையோட திரும்பி வந்துட்டேன்டா."

"சொல்லவே இல்லியேக்கா."

"வந்தேன், திரும்பிட்டேன்னு எந்த வாயால சொல்றது?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கும்பிட்டியாடா அன்னிக்கு? அதானா அது?"

அவர் தலையாட்டினார். சத்தியம் கித்தியம் எதுவும் செய்யவில்லை.

மாப்பிள்ளை ஸ்டூலை விடாமல் அண்ணாந்து அவரைப் பார்த்தார். திரும்பி மாமியாரைப் பார்த்தார். "அப்ப மாமா சொல்றது நிஜமா நடந்துச்சா அத்தை?"

"நடந்துச்சு மாப்பிள்ள," என்றாள் அக்கா. "ஜன்னல் பக்கம், ஜன்னல் பக்கம்னு இவன் கத்தினது சைக்கிள் கடை வரைக்கும் கேட்டுச்சு."